சுஃபியா முழுசாகக் கற்றுக்கொண்ட வேலை

என் தங்கை சுஃபியாவைப் பற்றி எங்கள் வீட்டில் ஒரு பேச்சு உண்டு. அவள் எதைத் தொட்டாலும் கால்வாசியில் நிற்பாள் என்பார்கள். பேச்சு பொய்யும் இல்லை. ஆரி வேலைப்பாடு வகுப்புக்குப் போனாள். சங்கிலித் தையலோடு நின்றது. கேக் செய்யப் படித்தாள். மேலே க்ரீம் பூசுவது வரவில்லை. ஸ்கூட்டி ஓட்டுவாள், ஸ்டாண்டு போட வராது, எங்காவது சுவரில் சாய்த்துவிட்டு வருவாள். இதெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக நடந்ததில்லை. ஒரே கோடையில், ஒரே சமயத்தில் நடந்தது. காலையில் ஆரி, மத்தியானம் கேக், சாயங்காலம் ஸ்கூட்டி, இடையில் போனில் இங்கிலீஷ் பேசும் வகுப்பு.

"அடியே, ஒரு அடுப்புல நாலு சட்டிய வச்சா நாலும் வேகாதுடி" என்பார் அம்மா.

"நாலு அடுப்பு வாங்கிக் குடுங்க."

"உன் கல்யாணத்த மட்டும் நான் முன்ன நின்னு நடத்தினேன். அதனாலதான் அது ஒண்ணு முழுசா முடிஞ்சது."

சுஃபியாவின் புருஷன் சேக் இஸ்மாயில் ஓரமாக உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருப்பான். கோரிப்பாளையத்தில் தர்காவுக்குப் பின்னால் எங்கள் வீடு. கீழே அம்மா, மாடியில் அவர்கள் இருவரும். பிள்ளைகள் இல்லை. நான் திருச்சியில் வேலை பார்க்கிறேன், சனிக்கிழமைகளில் வந்து போவேன். இங்கே எழுதுவதில் பாதி நான் பார்த்தது. மீதி சுஃபியா போனில் சொன்னது. அவள் சொல்லாதது எதுவும் இதில் இல்லை.

அவள் விடாமல் செய்த ஒரே வேலை காளவாசலில் ஒரு மேட்சிங் சென்டரில் பிளவுஸ் துணி கிழித்துக் கொடுப்பது. சேலையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அலமாரியில் சரியான கலரைக் கையால் இழுத்துவிடுவாள். பன்னிரண்டு வருஷமாக அங்கேதான் இருக்கிறாள்.

அம்மாவுக்குப் புற்றுநோய் என்று தெரிந்தபோது நோய் ரொம்பத் தூரம் போயிருந்தது. அம்மா வெட்கத்தில் மறைத்துவைத்திருந்தார். உடம்பில் ஒரு இடத்தில் புண் வந்து, ஆறாமல் பெருகிக்கொண்டே இருந்தது. எந்த இடம் என்று நான் எழுதப்போவதில்லை. நான் பார்த்ததும் இல்லை. மருந்து ஏற்றினார்கள், முடி கொட்டியது, புண் ஆறவில்லை. கடைசியில் டாக்டர் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்.

வீட்டுக்கு வந்த அந்த வாரம் அம்மா சுஃபியாவைப் பக்கத்தில் கூப்பிட்டுச் சொன்னார்.

"நான் மவுத்தானா நீதான் என்னைக் குளிப்பாட்டணும்."

"அம்மா, இப்ப என்ன பேச்சு இது."

"கேளுடி. நீயும், கூட ஒருத்தியும். அதுக்கு மேல ஒரு ஆளு திரைக்குள்ள வரக் கூடாது. என் உடம்ப யாரும் பாக்கக் கூடாது. மைமூன் வந்தாலும் சரி."

மைமூன் என்பது எங்கள் சின்னம்மா. அம்மாவுக்கு இருந்த ஒரே தங்கை, சமயநல்லூரில் இருக்கிறார்.

எங்களில் இறந்த பெண்ணைப் பெண்கள்தான் குளிப்பாட்டுவார்கள். வீட்டின் பின்பக்கம் சேலைகளையோ போர்வைகளையோ திரையாகக் கட்டி, பலகையில் கிடத்தி, உடம்பின்மேல் ஒரு துணியைப் போர்த்தி, அந்தத் துணிக்கு அடியிலேயே கைவிட்டுக் கழுவி, கடைசித் தண்ணீரில் கற்பூரம் கலந்து ஊற்றி, துடைத்து, கபன் துணி சுற்றி வெளியே கொண்டு வருவார்கள். மகள் அம்மாவைக் குளிப்பாட்டுவது நல்ல காரியம் என்பார்கள். ஆனால் பெரும்பாலான மகள்கள் அழுதுகொண்டு ஓரத்தில் நிற்பதும், வேலை தெரிந்தவர்கள் செய்து முடிப்பதும்தான் வழக்கம். சுஃபியாவோ எலி செத்துக் கிடந்தாலே பக்கத்து வீட்டு ஆளைக் கூப்பிடுகிறவள். அவள் சரி என்று சொல்லிவிட்டாள். அன்று ராத்திரி எனக்குப் போன் செய்து, "அண்ணே, சொல்லிட்டேன், எனக்கு ஒண்ணுமே தெரியாதேண்ணே" என்று அழுதாள்.

அடுத்த சனிக்கிழமை நான் போனபோது அவள் போன் முழுக்க வீடியோக்கள் நிறைந்திருந்தன. மலேசியாவிலிருந்து ஒருவர், கேரளாவிலிருந்து ஒருவர், பொம்மையை வைத்துக் காட்டும் ஒரு பெண்மணி. சாப்பிடும்போதும் காதில் அதுதான். ஒரு வீடியோவில் பெண்ணின் கூந்தலை இரண்டாகப் பிரித்து நெஞ்சின்மேல் போட வேண்டும் என்றார்கள். இன்னொன்றில் மூன்றாகப் பின்னி முதுகுப்பக்கம் விட வேண்டும் என்றார்கள். எந்தக் கையில் துணியைச் சுற்ற வேண்டும், எப்போது எந்த துவா ஓத வேண்டும், கற்பூரம் எவ்வளவு, வயிற்றை அழுத்த வேண்டுமா தடவ வேண்டுமா என்று ஒவ்வொருவரும் ஒன்றைச் சொன்னார்கள். தெருப் பெண்களிடமும் கேட்டாள். ஆளுக்கொரு விதமாகச் சொன்னார்கள். பஸ்ஸில் உட்கார்ந்து விரல் மடக்கி மனப்பாடம் செய்வாள். காளவாசலில் இறங்கும்போது பாதி மறந்திருக்கும்.

எங்கள் தெருவில் பெண்களுக்கு இந்த வேலை செய்வது சபுராக்கா. காலையில் இடியாப்பம் விற்பார், யாராவது இறந்தால் இடியாப்பத் தட்டுகளை மருமகளிடம் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். கூடப் போய்வந்துகொண்டிருந்த பெண்மணி மகனோடு சென்னைக்குக் குடிபோய்விட்டதால் அவருக்கும் ஆள் தேவையாக இருந்தது. சுஃபியா போய்க் கேட்டதும் மேலும் கீழும் பார்த்தார்.

"நீயா? பல்லியப் பாத்துக் கத்துவியே, நீதானே?"

"ஆமாக்கா."

"பல்லியாவது ஓடும். இது ஓடாது. வா, பாப்போம்."

முதல் தடவை பக்கத்துத் தெருவில் ஒரு வயதான அம்மா. துணிக்கடையில் இருக்கிறவள் என்பதால் கபன் துணியை அளந்து கிழிக்கும் பொறுப்பைச் சபுராக்கா சுஃபியாவிடம் கொடுத்தார். இது ஒன்றுதான் தனக்குத் தெரிந்தது என்று சுஃபியாவுக்கு ஒரே நிம்மதி. திரைக்கு வெளியே உட்கார்ந்து சரசரவென்று அளந்து, நூல் பிசகாமல் கிழித்து, மடித்து உள்ளே கொடுத்தாள்.

குளிப்பாட்டி முடித்துக் கடைசித் துணியைச் சுற்றும்போது கால்பக்கம் எட்டவில்லை. தலைக்கு இழுத்தால் பாதம் தெரிந்தது, பாதத்துக்கு இழுத்தால் தலைமாட்டில் முடிச்சுப் போட இடமில்லை. அளவுகோலில் துணியைக் கொஞ்சம் இழுத்துப் பிடித்து அளப்பது கடைப் பழக்கம். மீட்டருக்கு இரண்டு விரல் கடைக்கு மிஞ்சும். பன்னிரண்டு வருஷமாக அவள் கை அப்படித்தான் அளக்கிறது. அவள் அதை நினைத்தே பார்க்கவில்லை.

சபுராக்கா துணியைப் பார்த்தார், சுஃபியாவைப் பார்த்தார்.

"ஏண்டி, மையித்துக்கிட்டயுமா மிச்சம் புடிக்கிற?"

மீதித் துணி இருந்தது, வேறு கிழித்தார்கள். யாரும் வெளியில் சொல்லவில்லை. ஆனால் சுஃபியா வீட்டுக்கு வந்து அம்மா இருந்த அறைப்பக்கமே போகாமல் மாடி ஏறிவிட்டாள். தெரிந்த வேலை என்று நினைத்ததிலேயே இப்படி என்றால், தெரியாத மற்றதெல்லாம் என்ன ஆகும் என்று பயந்துபோனாள். பயத்தில் இன்னும் பத்து வீடியோ பார்த்தாள்.

இரண்டாவது தடவை அவளைத் திரைக்குள் விட்டார்கள். இறந்தவளுக்கு அவள் வயதுதான் இருக்கும். சுஃபியா கையில் சொம்போடு நின்றாள். மனதுக்குள் முதலிலிருந்து கடைசிவரை எல்லாவற்றையும் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாளாம். வலது பக்கமா, இடது பக்கமா, இப்போது எந்த துவா, அடுத்தது என்ன, அதற்கடுத்தது என்ன. "ஊத்துடி" என்று சபுராக்கா சொன்னது காதில் விழவில்லை. மறுபடியும் சொன்னபோது பதறி ஊற்றினாள். தண்ணீர் பலகைக்கு வெளியே தரையில் கொட்டியது. மூன்றாவதாக ஊற்றியது சபுராக்காவின் முழங்கையில்.

"நீ போயி வாசல்ல செருப்பப் பாத்துக்க" என்றார் சபுராக்கா.

அதைச் சொல்லும்போது சுஃபியா போனில் சிரித்தாள். பிறகு சொன்னாள்: "அண்ணே, அந்தப் பொண்ணு முகம் எப்படி இருந்துச்சுன்னே எனக்குத் தெரியல. பக்கத்துலயேதான் நின்னேன். ஒரு தடவகூட அவளப் பாக்கல."

அந்த வாரக் கடைசியில் நான் ஊருக்குப் போயிருந்தேன். அம்மாவுக்குக் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்த சுஃபியா, கூந்தலை இரண்டாகப் போடுவதா மூன்றாகப் போடுவதா என்று பள்ளிவாசல் அஜரத்தின் மனைவியிடம் கேட்டு வரும்படி இஸ்மாயிலிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். நாலைந்து நாளாக இதே கேள்விதான் ஓடிக்கொண்டிருந்தது. அம்மா கஞ்சிக் கிண்ணத்தை நகர்த்தினார். தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்தார். வழுவழுவென்ற சின்னத் தலை, காதுகள் மட்டும் பெரிதாக இருந்தன.

"பாத்துக்க. இதுல ரெண்டு போடப்போறியா, மூணு போடப்போறியா?"

முதலில் சிரித்தது அம்மாதான். அப்புறம் இஸ்மாயில், அப்புறம் நான். சுஃபியா சிரிக்கவில்லை. கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு அம்மாவின் தலையில் கையை வைத்தாள். கொஞ்ச நேரம் எடுக்கவே இல்லை.

அன்று மாலையே எல்லா வீடியோவையும் அழித்துவிட்டாள். சபுராக்கா வீட்டுக்குப் போய், இனிமேல் ஒவ்வொரு தடவையும் தனக்கு ஒரே ஒரு வேலைதான் கொடுக்க வேண்டும், அது கைக்கு வந்த பிறகுதான் அடுத்தது என்று சொன்னாள்.

"இதென்ன மளிகைக் கடையா, கால் கிலோ அரைக் கிலோவா வாங்கிட்டுப் போக?"

"எனக்கு அப்படித்தான்க்கா வரும். மொத்தமாக் குடுத்தா எல்லாத்தையும் கொட்டிருவேன்."

"அது சரி, கொட்டினதத்தான் பாத்தேனே" என்றார் சபுராக்கா. அதற்குமேல் மறுப்புச் சொல்லவில்லை.

அதன்பிறகு அவள் போன இடங்களில் தண்ணீர் மட்டும் ஊற்றினாள். சொம்பை எவ்வளவு சாய்த்தால் தோளிலிருந்து வழிந்து கைவரை ஒரே ஓட்டமாகப் போகும் என்பது மட்டும்தான் அவள் கவனம். மற்றவர்கள் என்ன செய்கிறார்கள் என்று திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. யாராவது "அந்தத் துணிய எடும்மா" என்றால் "நான் தண்ணிக்கா" என்பாளாம். சில பெண்கள் முகம் சுளித்தார்கள், சபுராக்கா விட்டுவிட்டார். தண்ணீர் கைக்கு வந்ததும், உடம்பை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பிடிப்பது. ஒரு கை தோளுக்கடியில், ஒரு கை இடுப்புக்கடியில், தன் மார்போடு அணைத்துக்கொள்ள வேண்டும். விறைத்த உடம்பு நழுவும். அதற்கு அதிக நாள் பிடித்தது. பிறகு துடைப்பது. பிறகு, கபன் துணி. அளவுகோலை விட்டுவிட்டு, துணியைத் தரையில் தளர விட்டுக் கையால் சாண்போட்டு அளக்கப் பழகினாள். பகல் முழுக்கக் கடையில் இழுத்து அளக்கும் கை. இங்கே தளர்த்தி அளக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் பிஸ்மி சொல்லிவிட்டு, "இழுக்காத, இழுக்காத" என்று தனக்குத்தானே முணுமுணுத்துக்கொள்வாள் என்று சபுராக்கா எங்களிடம் சொல்லிச் சிரிப்பார்.

ஆனால் இந்தப் படிப்புக்கு யாராவது இறந்தாக வேண்டும். அதுதான் அவளை வதைத்தது. ஒருநாள் போனில் தணிந்த குரலில் சொன்னாள்.

"எதிர்த்த வீட்டு நன்னிக்கு மூச்சு வாங்குதுன்னு சொன்னாங்கண்ணே. எனக்கு முதல்ல என்ன தோணுச்சு தெரியுமா? முகம் கழுவுறது இன்னும் வரலியே, அதுக்கு ஆகும்னு. தவ்பா, தவ்பா. நான் என்ன பொம்பளண்ணே?"

நான் ஏதோ ஆறுதல் சொன்னேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை. எதிர் வீட்டுப் பாட்டி பிழைத்துக்கொண்டார். அந்தச் செய்தியைச் சொல்லும்போது அவள் குரலில் சந்தோஷம் இருந்தது, கூடவே ஒரு தவிப்பும் இருந்தது. அம்மா நாளுக்கு நாள் இளைத்துக்கொண்டே வந்தார்.

புண்ணுக்குக் கட்டுப் போட வாரத்தில் இரண்டு நாள் தமிழ்வாணி என்ற நர்ஸ் வருவாள். சமயநல்லூர்ப் பக்கத்துப் பெண். வெடுக்கென்று பேசுவாள், கை மெதுவானது. அவள் கட்டுப் போடும்போது எங்களை வெளியே அனுப்பிவிடுவார்கள். சுஃபியா மட்டும் உள்ளே நிற்பாள். திருப்பும்போது அந்த இடத்தில் ரத்தம் கசியாமல் எப்படிப் பிடிப்பது என்று கேட்டிருக்கிறாள். எதற்குக் கேட்கிறாள் என்று தமிழ்வாணிக்குப் புரிந்துவிட்டது.

வெளியே வந்து கை கழுவும்போது தமிழ்வாணி என்னிடம் சொன்னாள்: "உங்க தங்கச்சி ஒரு வாரமா ஒரே கேள்வியத்தான் கேக்குறாங்க சார். வேற யாராயிருந்தாலும் எம்புட்டு நாள் தாங்கும்னு கேப்பாங்க. இவங்க அதக் கேக்கவே இல்ல."

அது உண்மைதான். நான்தான் அதைக் கேட்டேன். தமிழ்வாணி துண்டை எடுத்துக் கையைத் துடைத்துக்கொண்டாள்.

சபுராக்காவிடம் ஒரு கண்டிப்பு உண்டு. திரைக்குள் பார்த்தது திரையோடு போய்விட வேண்டும். நல்லதைப் பார்த்தால் சொல்லலாம், முகம் தெளிவாக இருந்தது என்று சொல்லலாம். மற்றது எதையும் வீட்டுக்காரர்களிடம்கூடச் சொல்லக் கூடாது. சுஃபியா கற்றுக்கொண்டதில் சிரமமே இல்லாமல் வந்தது அது ஒன்றுதான். கடையில் நாள் முழுக்கப் பேசுகிறவள், இதில் வாயையே திறக்க மாட்டாள். இஸ்மாயில் கேட்டால்கூட, "குளிர்ச்சியா இருந்தாங்க" என்பதோடு நிறுத்திக்கொள்வாள்.

டிசம்பரில் ஒரு விடியற்காலை அம்மா இறந்தார். தூக்கத்திலேயே போய்விட்டார் என்று இஸ்மாயில் போன் செய்தான். நான் வந்து சேர்ந்தபோது பத்து மணி இருக்கும். தெருவில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். பின்பக்கம் திரை கட்டி, தண்ணீர் காய்ந்துகொண்டிருந்தது. சுஃபியா அழுதுகொண்டிருப்பாள் என்று நினைத்தேன். இல்லை. தரையில் உட்கார்ந்து துணியை அளந்துகொண்டிருந்தாள். என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி துணியைப் பார்த்தாள். "இழுக்காத" என்று உதடு அசைந்தது.

சின்னம்மா வந்த ஆட்டோ தெருமுனையில் நின்றது. அங்கிருந்தே அழுதுகொண்டு வந்தார். அம்மாவின் முகத்தைப் பார்த்துக் கதறிவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு பின்பக்கம் போனார். அதற்குள் அம்மாவைக் குளிப்பாட்ட அங்கே எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள். சுஃபியா திரைக்கு முன்னால் நின்றாள். உள்ளே சபுராக்கா மட்டும்.

"வழிய விடு சுஃபி."

"வேணாம் சின்னம்மா."

"என்னடி வேணாம்?"

"ரெண்டு பேரு போதும் சின்னம்மா. நாங்க பாத்துக்கிறோம்."

"கூடப் பொறந்தவ வந்து நிக்கிறேன், ரெண்டு பேரு போதுங்கிற? அந்த இடியாப்பக்காரி உள்ள இருக்கா, நான் வெளிய நிக்கணுமா?"

"அம்மா சொல்லிட்டாங்க."

"என்னைய விடாதேன்னு சொன்னாளா? எங்கக்கா சொன்னாளா?"

சுஃபியா பதில் சொல்லவில்லை. சொன்னால் ஏன் என்ற கேள்வி வரும். ஏன் என்பதைச் சொல்ல முடியாது.

"ஒரு சொம்புத் தண்ணி ஊத்திட்டு வந்துர்றேண்டி. ஒரே ஒரு சொம்பு."

"வேணாம் சின்னம்மா."

குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. யார் எதைக் கேட்டாலும் இல்லை என்று சொல்லத் தெரியாதவள் அவள். நின்ற பெண்களெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பெண், "பாவம், விடும்மா, கால்மாட்டுல நின்னு ஊத்திட்டுப் போகட்டும்" என்றாள். சுஃபியா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. திரையை விலக்கி உள்ளே போய், உள்பக்கமாக ஊக்குக் குத்தினாள்.

ஆண்கள் நாங்கள் தெருப்பக்கம் உட்கார்ந்திருந்தோம். வீட்டுக்குப் பின்னாலிருந்து தண்ணீர் விழும் சத்தம் சன்னமாகக் கேட்டது. விட்டு விட்டு, ஒரே சீராக. நடுவில் ஒரு இடத்தில் சத்தம் நின்றது. நீண்ட நேரம் எதுவும் கேட்கவில்லை. இஸ்மாயில் என் கையைப் பிடித்துக்கொண்டான். பிறகு மறுபடி தண்ணீர் விழுந்தது. கற்பூர வாசம் வந்தது. கதவைத் திறந்து கூப்பிட்டபோது அம்மா வெள்ளைத் துணியில் இருந்தார். தலைமாட்டிலும் கால்மாட்டிலும் முடிச்சுக்கு மேல் ஒரு சாண் துணி மிஞ்சியிருந்தது. எங்கும் ஒரு கறை கிடையாது.

சபுராக்கா என் அருகில் வந்து, "உன் தங்கச்சி கை நடுங்கல தம்பி" என்றார்.

அசர் தொழுகைக்குப் பிறகு அடக்கம் செய்துவிட்டுத் திரும்பினோம். சின்னம்மா சாப்பிடாமல் போய்விட்டார். மூன்றாம் நாள் பாத்திஹாவுக்கு வரவில்லை. நாற்பதுக்கும் வரவில்லை. கூடப் பிறந்தவளுக்குக் கடைசித் தண்ணீர் ஊற்ற விடாமல் விரட்டிவிட்டார்கள் என்று சமயநல்லூரில் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறார். அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை.

சுஃபியா வேலைக்குப் போய்வந்தாள், சமைத்தாள், அம்மாவின் அறையைக் கூட்டினாள். சபுராக்கா இரண்டு தடவை ஆள் அனுப்பினார். உடம்பு சரியில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டாள். மூன்றாவது தடவை சபுராக்காவே வாசலில் வந்து நின்றார்.

"என்னைய விட்டா முழுசாத் தெரிஞ்சவ இந்தத் தெருவுல நீ ஒருத்திதாண்டி இருக்க."

"தோளுக்கடியில கைய வச்சா அம்மாவாத்தான் இருக்காங்கக்கா. வேற யாருக்கும் என்னால வைக்க முடியல."

சபுராக்கா வழக்கம்போல ஏதாவது சொல்வார் என்று பார்த்தேன். தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார்.

பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மீன் அரிந்துகொண்டிருந்தபோது சுஃபியா திடீரென்று கத்தியைக் கீழே வைத்தாள்.

"கால்மாட்டுல ஊத்தியிருக்கலாம்ணே."

எனக்கு உடனே விளங்கவில்லை.

"சின்னம்மாவ. துணியக் கழுத்துலேருந்து முழங்கால்வரைக்கும் நல்லாப் போத்திட்டு, பாதத்துக்கு மட்டும் ஊத்தச் சொல்லியிருக்கலாம். ஒண்ணுமே தெரிஞ்சிருக்காது. அந்தப் பொம்பளகூடச் சொன்னாங்களே. என் காதுல விழுந்துச்சு. ஆனா உள்ள போகல."

"அந்த நேரத்துல யாருக்குத் தோணும்?"

"எல்லாருக்கும் தோணியிருக்கும். நாந்தான் அப்படிப் பழகிட்டேன். கையில இருக்குறதத் தவிர வேற எதையும் நெனைக்கக் கூடாதுன்னு. நெனச்சாச் சிதறிருவேன்னு. ஒரு சொம்புதானேண்ணே கேட்டாங்க."

மீனை அப்படியே மூடி வைத்துவிட்டுக் குளித்துச் சேலை மாற்றினாள். என்னையும் கிளப்பினாள். ஆரப்பாளையத்தில் பஸ் மாறிச் சமயநல்லூரில் இறங்கும்போது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. சின்னம்மா வீடு ரோட்டிலிருந்து உள்ளே, ரயில் தண்டவாளத்தின் பக்கம். கதவு திறந்துதான் இருந்தது.

சின்னம்மா எங்களைப் பார்த்தார். வாங்க என்று சொன்னார். உட்காரச் சொன்னார். இஸ்மாயில் எப்படி இருக்கிறான் என்று கேட்டார், வெயில் இப்போதே இப்படி அடிக்கிறது என்றார். உள்ளே போய் டீ போட்டுக்கொண்டு வந்தார். எங்களுக்குக் கொடுத்துவிட்டுக் கதவோரத்தில் நின்றார். முகம் அம்மாவின் முகம்தான். அம்மா நன்றாக இருந்த காலத்து முகம்.

சுஃபியா டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னாள்.

"சின்னம்மா, உங்கள ஊத்த விட்டிருக்கணும். பாதத்துக்காவது விட்டிருக்கணும். எனக்கு அன்னைக்கு யோசனை வரல."

"அம்மா சொன்னாங்கன்னு சொன்னியே."

"சொன்னாங்க. சொன்னது நெசம். ஆனாலும் வழி இருந்துச்சு. நாந்தான் பாக்கல."

"ஏன் வேணாம்னா உங்கம்மா?"

தண்டவாளத்தில் ஒரு சரக்கு ரயில் போய்க்கொண்டிருந்தது. அது கடந்து போவதற்குள் சுஃபியா ஏதாவது சொல்லிவிடுவாள் என்று எதிர்பார்த்தேன். ஒரு வார்த்தை போதும், சின்னம்மா உடைந்துபோயிருப்பார்.

"அது என்னோட இருக்கட்டும் சின்னம்மா."

சின்னம்மா திட்டவில்லை, அழவில்லை.

"சரி. இருக்கட்டும். நானும் ஒண்ணு சொல்லிர்றேன். நான் மவுத்தானா நீ வர வேணாம். வந்தாலும் திரைக்கு இந்தப் பக்கம் நின்னுக்க. என் பிள்ளைங்ககிட்டயும் சொல்லி வச்சிட்டேன்."

"சரி சின்னம்மா" என்றாள் சுஃபியா.

டீயை மிச்சம் வைக்காமல் குடித்தாள். டம்ளரை எடுத்துக்கொண்டு போய்க் கழுவப் பார்த்தாள். "அங்கேயே வையி, நான் பாத்துக்கிறேன்" என்றார் சின்னம்மா. சுஃபியா டம்ளரைத் தரையில் வைத்துவிட்டு, வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு, எனக்காகக் காத்து நின்றாள்.